குடிமையியலுக்குப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது?

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி வட்டாரத் தமிழ் வழிப் பள்ளிகளிலும், மூணாறு, மறையூர், வண்டிப்பெரியாறு மலைப் பள்ளிகளிலும் சமூக அறிவியல் எடுப்பவர்களிடம் பேசினால் ஒரு மனக்குறை கட்டாயம் வரும். லேபுக்குப் பணம் வருகிறது, விளையாட்டுச் சாமானுக்கு வருகிறது, நம் பாடத்துக்கு மட்டும் சாக்பீஸ்தான். குறை நியாயமானது. பள்ளிக் கல்விக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து பணம் தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் செலவுத் தலைப்புகளை மேலிருந்து கீழ்வரை படித்தாலும் குடிமையியல் என்று ஒரு வரி கிடையாது. அறிவியலுக்கும் கணக்குக்கும் ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் உண்டு. அடல் டிங்கரிங் லேப் கிடைத்த பள்ளிக்கு நீதி ஆயோக் 20 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அரசியலமைப்பைப் படிப்பிக்க அப்படி ஒன்றும் இல்லை. (அமெரிக்காவில் 2015 கல்விச் சட்டத்தில் ‘அமெரிக்க வரலாறும் குடிமையியலும்’ என்று தனிப் பகுதியே இருக்கிறது. ஆனால் அந்த மானியம் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும்தான் போகிறது. பள்ளிக்கூடத்து வாத்தியார் கைக்கு நேராக வருவது அங்கேயும் அபூர்வம்.)

தலைப்பு இல்லை என்பதால் பணமே இல்லை என்று ஆகிவிடாது. வேறு பெயர்களில் வரும் நான்கைந்து மானியங்களில் குடிமையியல் வேலைக்கு விதிப்படியே இடம் இருக்கிறது. எதை எந்தத் தலைப்பில் எழுதினால் ஆடிட்டில் நிற்கும், எதை எழுதினால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள் என்பதுதான் கேள்வி.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கூட்டுப் பள்ளி மானியம், அதாவது காம்போசிட் கிராண்ட். அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே உண்டு. எய்டட் பள்ளிக்குக் கிடையாது. பிள்ளைகள் 30 வரை இருந்தால் 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000, 251 முதல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். எண்ணிக்கை யு-டைஸ் என்ற நாடு தழுவிய பள்ளிக் கணக்கெடுப்புப் பதிவிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்கான அடிப்படைத் தேதி செப்டம்பர் 30. எல்லைப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இந்தத் தேதி உயிர்நாடி. தோட்டத்தில் வேலை மாறி கம்பத்துக்கோ பொள்ளாச்சிக்கோ போன குடும்பத்தின் பிள்ளைக்கு டி.சி. கொடுக்காமலும் பெயரை எடுக்காமலும் விட்டிருப்பார்கள். புதிதாக வந்த பிள்ளைக்குப் பழைய மாநிலத்திலிருந்து டி.சி. வராததால் பதிவேட்டில் ஏற்றியிருக்க மாட்டார்கள். உண்மையில் 102 பேர் உட்கார்ந்திருக்கும் பள்ளி பதிவில் 98 என்று நின்றால் அந்த ஆண்டு 25,000 ரூபாய் போச்சு. குடிமையியல் மானியத்தைப் பற்றிப் பேசும்போது யு-டைஸ் எதற்கு என்று தோன்றலாம். வரும் பணமே பாதியானால் நம் பாடத்துக்கு ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

இந்த மானியத்தில் மின் கட்டணம், ரிப்பேர், பதிவேடுகள், சாக்பீஸ், கழிவறை எல்லாம் அடங்கும். அதனால் இதில் பெரிதாகக் கண் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஐம்பதாயிரத்தில் மூவாயிரம் கேட்டால் ஹெச்.எம். தலையாட்டுவார், பத்தாயிரம் கேட்டால் கூரை ஒழுகுவதைக் காட்டுவார். அவர் காட்டுவதும் சரிதான்.

நமக்கு நன்றாகப் பொருந்துவது யூத் அண்ட் ஈக்கோ கிளப் தலைப்பு. தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு (யு.பி.) 15,000, ஹைஸ்கூலுக்கும் ஹயர் செகண்டரிக்கும் 25,000 வரை. இவை உச்சவரம்பு. அந்த ஆண்டு தில்லியில் திட்ட ஒப்புதல் குழு எவ்வளவு ஒத்துக்கொண்டதோ அவ்வளவுதான் இறங்கும். பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பணம் முழுவதும் மரக்கன்றாகவும் மண்வெட்டியாகவும் ஆகிவிடுகிறது. பெயரில் இருக்கும் முதல் சொல்லை யாரும் படிப்பதில்லை. யூத் கிளப்பின் நோக்கங்களில் வாழ்க்கைத் திறன், தன்னம்பிக்கை, விவாதம், வாசிப்பு எல்லாம் இருக்கின்றன. பள்ளித் தேர்தல், மாதிரி கிராமசபை, விவாத மேடை, பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போய்வருவது ஆகிய நான்கையும் அதற்குள் எழுதலாம். ஈக்கோ கிளப் பொறுப்பாளரோடு சண்டை வேண்டாம், சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஹைஸ்கூலில் அந்தப் பாதி 12,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் இப்படிப் போடலாம்: பள்ளித் தேர்தலுக்கு 1,500, தமிழில் கையேடு அச்சடிக்க 5,000, வார்டு வரைபடமும் பஞ்சாயத்து பட்ஜெட் நகல்களும் 1,500, இளைஞர் நாடாளுமன்ற ஒத்திகைக்கு 2,500, கைவசம் 2,000. பேனருக்கு இதில் ஒரு பைசாவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேரளத்தில் 2019-லேயே பி.வி.சி. ஃபிளெக்ஸ் தடை செய்யப்பட்டுவிட்டது. துணியில் எழுதினாலும் ‘விழா நடந்தது’ என்பதைத் தவிர அந்தச் செலவு எதையும் காட்டாது. தேநீர்-வடைக்கான பில்லும் அப்படித்தான். இரண்டாயிரம் ரூபாய் நிகழ்ச்சியில் எண்ணூறு ரூபாய் சிற்றுண்டியாக இருந்தால் ஆடிட்டர் கை முதலில் அங்கேதான் போகும்.

நூலக மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000-இல் தொடங்கி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை உள்ள பள்ளிக்கு 20,000 வரை போகிறது. தமிழ் வழிப் பள்ளிக்கு இங்கே ஒரு வசதி: அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை. பொள்ளாச்சியிலோ கோவையிலோ தேனியிலோ வாங்கினாலும் மாநிலம் தாண்டிய வரிச் சிக்கல் வராது. 2025 செப்டம்பர் 22 முதல் அச்சிட்ட வரைபடம், குளோபுக்கும் வரி போய்விட்டது. பழைய கொட்டேஷனில் 12 சதவீதம் போட்டிருந்தால் திருத்தி வாங்குங்கள். கடைக்காரரின் வங்கிக் கணக்கு விவரத்தை முன்கூட்டியே வாங்கி, அரசுப் பணம் பட்டுவாடா ஆகும் இணையதளமான பி.எஃப்.எம்.எஸ்.ஸில் வெண்டராகப் பதிந்து வைக்க வேண்டும். மார்ச் 28-ஆம் தேதி பதியப் போனால் கணக்கு எண் சரிபார்ப்பு முடிவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். தமிழில் மட்டும் பில் கொடுக்கும் கடையாக இருந்தால், பின்புறம் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு வரிக் குறிப்பு எழுதி ஹெச்.எம். கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு விளக்கம் எழுதும் வேலை மிச்சம்.

தமிழ்நாட்டுக் கையேட்டை அப்படியே வாங்கினால்

இதுதான் எல்லைப் பள்ளிகளில் அடிக்கடி நடக்கும் தவறு, பணமும் பாடமும் சேர்ந்து வீணாகும் இடம். மானியம் வந்ததும் பக்கத்து மாநிலத்துக் கடையில் ‘உள்ளாட்சி’ என்று அட்டையில் பார்த்த புத்தகத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். தமிழில் இருக்கிறது, அச்சும் நன்றாக இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு மாநிலத்தின் சட்டம்.

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கேரளத்தில் வார்டு மெம்பர்கள் ஜெயித்து வந்து தங்களுக்குள் ஒருவரை பிரசிடென்ட் ஆக்குகிறார்கள். தமிழ்நாட்டில் கிராமசபை என்பது ஊராட்சி முழுவதற்கும் ஒன்று. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள். கேரளத்தில் 1994 பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி ஒவ்வொரு வார்டும் ஒரு கிராமசபை. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். அந்த வார்டு மெம்பர்தான் கன்வீனர். குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் (கோரம்) கணக்கும் வேறு. தமிழ்நாட்டில் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கேரளத்தில் வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம். 1,200 ஓட்டு இருக்கும் வார்டில் 120 பேர் வர வேண்டும். பள்ளிக்கூடம் யார் பொறுப்பு என்பதும் மாறும்: அங்கே ஊராட்சி ஒன்றியப் பள்ளி, இங்கே அரசுத் தொடக்கப் பள்ளி கிராமப் பஞ்சாயத்திடமும், ஹைஸ்கூலும் அதோடு ஒட்டிய தொடக்க (எல்.பி.), நடுநிலை (யு.பி.) வகுப்புகளும் ஜில்லா பஞ்சாயத்திடமும் இருக்கின்றன.

கேரளப் பக்கத்து வேலந்தாவளத்தில் படிக்கும் பிள்ளை ‘தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பர்’ என்று பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் போகும் என்பதோடு முடிந்தால் பரவாயில்லை. பதினெட்டு வயதில் ஓட்டுச்சாவடிக்குள் போய் பிரசிடென்ட் பெயரைத் தேடிக்கொண்டு நிற்பான். ஆகவே பொதுவான அரசியலமைப்புச் செய்திக்குத் தமிழ்நாட்டுப் பதிப்புகள் வாங்கலாம். மத்திய சட்ட அமைச்சகம் வெளியிட்ட அரசியலமைப்பின் தமிழ்ப் பதிப்பு ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும். உள்ளாட்சிக்கு மட்டும் சொந்தமாக ஒரு கையேடு அச்சடிப்பதே வழி. மேலே 5,000 ரூபாய் ஒதுக்கியது அதற்காகத்தான். பதினாறு பக்கம் போதும். உங்கள் பஞ்சாயத்தின் வார்டுகள், மெம்பர்களின் பொறுப்பு, நான்கு நிலைக்குழுக்கள் (நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம்-கல்வி), சென்ற ஆண்டு பட்ஜெட்டிலிருந்து ஒரு பக்கம், புகார் எழுதும் மாதிரி ஒன்று. மெம்பர்களின் பெயரை அச்சில் போடாமல் கோடு விட்டு, பிள்ளைகளே விசாரித்து எழுதச் சொல்லுங்கள். 2025 டிசம்பர் தேர்தலோடு பஞ்சாயத்துக் குழுக்கள் மாறிவிட்டன. பெயர் அச்சிட்ட பழைய கையேடுகள் எல்லாம் ஒரே நாளில் பழசாகிப் போனது அப்படித்தான்.

பள்ளித் தேர்தலைச் சரியாக நடத்துவது

கேரளப் பள்ளிகளில் ஸ்கூல் பார்லமெண்ட் தேர்தல் எப்படியும் நடக்கிறது. வகுப்புதோறும் லீடர், பிறகு லீடர்கள் கூடி ஸ்கூல் லீடர். பஞ்சாயத்து பிரசிடென்ட் வரும் வழியும் இதேதான் என்று சொல்லிக்கொடுக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. ஆனால் பல இடங்களில் கையைத் தூக்கச் சொல்லி எண்ணி முடித்துவிடுகிறார்கள். கையைத் தூக்கினால் அது ரகசிய வாக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்துத்தான் பாதிப் பிள்ளைகள் தூக்கும்.

320 பேர், 8 டிவிஷன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏ4 தாளில் எட்டு வாக்குச் சீட்டு அடிக்கலாம். 40 தாள், கையிருப்புக்கு 4 தாள். ஒவ்வொன்றிலும் கடைசி வரி நோட்டா. 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா இரண்டு, மூடியில் சீட்டு நுழையும் அளவுக்குக் கீறல், சுற்றிலும் காகித நாடா ஒட்டி வேட்பாளர்களின் ஏஜெண்டுகள் கையெழுத்து. மறைப்புக்கு டி.வி. வந்த அட்டைப்பெட்டியை மூன்று பக்கம் விட்டு வெட்டினால் போதும். விரலில் வைக்க அழியாத மை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டாம். தேர்தல் ஆணையத்துக்காக மைசூர் பெயிண்ட்ஸ் நிறுவனம் தயாரிப்பது அது, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கும் பொருள் அல்ல. மார்க்கர் பேனா போதும்.

நேரக் கணக்குத்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். பெயர் பார்த்து, கையெழுத்து வாங்கி, மை வைத்து, சீட்டுக் கொடுத்து, பிள்ளை உள்ளே போய் வர ஒருவருக்கு 45 நொடி. 320 பேருக்கு ஒரே சாவடி என்றால் நான்கு மணி நேரம். இரண்டு சாவடி என்றால் இரண்டு மணி. இரண்டு பீரியடில் முடித்துவிடலாம் என்று தொடங்கினால் கடைசி மூன்று டிவிஷன் சாப்பாட்டு மணி அடித்ததும் கலைந்து ஓடும். பிறகு ‘எங்களை ஓட்டுப் போட விடவில்லை’ என்று தோற்றவன் சண்டைக்கு வருவான்.

முத்திரை குத்தும் முறையென்றால் மடிப்பைச் சொல்லிக்கொடுங்கள். முதலில் நெடுக்காக, அதாவது மடிப்புக் கோடு மேலிருந்து கீழாக வருமாறு மடிக்க வேண்டும், பிறகு குறுக்காக. நெடுக்காக மடித்தால் ஈர மை ஒட்டினாலும் அதே வேட்பாளரின் வரியில்தான் ஒட்டும். முதலிலேயே குறுக்காக மடித்தால் மேலே இருப்பவருக்குக் குத்தியது கீழே இருப்பவரின் கட்டத்திலும் பதிந்து, எண்ணும்போது செல்லாத ஓட்டா செல்லும் ஓட்டா என்று வாக்குவாதம் வரும். உண்மையான தேர்தலிலும் வாக்குச் சீட்டுக்கு இதே மடிப்பு முறைதான். பென்சிலால் பெருக்கல் குறி போடுவதென்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் பாடமும் இல்லை.

போனில் ஓட்டு இயந்திரம்போல ஓடும் ஆப் வைத்து நடத்துகிறவர்கள் இப்போது அதிகம். தாள் மிச்சம், எண்ணுவதும் ஒரு நொடி. அப்படிச் செய்தால் தொடங்குமுன் மாதிரி வாக்குப்பதிவு கட்டாயம். ஆணையத்தின் நடைமுறையில் குறைந்தது 50 ஓட்டு ஏஜெண்டுகள் முன்னால் போட்டுக் காட்டி, எண்ணி, அழிக்க வேண்டும். அழிக்க மறந்துபோய் 320 பேர் பள்ளியில் 370 ஓட்டு விழுந்தால் அந்தத் தேர்தலை யாரும் நம்ப மாட்டார்கள். தாளோ போனோ, முடிந்ததும், வாக்குச்சாவடியில் ஓட்டுக் கணக்கு எழுதும் 17-சி படிவத்தின் மாதிரியில் ஒரு கணக்கு எழுதச் சொல்லுங்கள்: கொடுத்த சீட்டு எத்தனை, பெட்டியில் எத்தனை, மிச்சம் எத்தனை, கெட்டுப்போனது எத்தனை. கூட்டி வர வேண்டும். ஒரு சீட்டு குறைந்தாலும் எங்கே என்று தேடட்டும். ஒருவன் வேறொருவன் பெயரில் வந்துவிட்டான் என்று ஏஜெண்ட் ஆட்சேபித்தால் இரண்டு ரூபாய் கட்டணம் உண்டு என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்த விதி.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் எலெக்டோரல் லிட்ரசி கிளப் (தேர்தல் அறிவு மன்றம்) வைத்திருந்தால் தாலுகா அலுவலகத்தின் தேர்தல் பிரிவிலிருந்து செயல்முறை விளக்கத்துக்கு இயந்திரமும் ஆளும் கேட்டுப் பெறலாம். 2018 ஜனவரி 25-இல் ஆணையம் தொடங்கிய திட்டம் இது. பள்ளிக் கணக்கில் பணம் போடும் திட்டமாக எண்ணிவிடாதீர்கள். வருவது பொருள், கையேடு, பயிற்சி. வரும் கையேடு மலையாளத்தில் இருக்கும். தமிழ்ப் பதிப்பைத் தமிழ்நாட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரி தளத்தில் தேடி எடுக்கலாம். சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் முறை நாடு முழுக்க ஒன்றுதான் என்பதால் இங்கே தமிழ்நாட்டுப் பிரதி பொருந்தும். பதினேழு முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க முன்கூட்டியே ஆறாம் எண் படிவம் கொடுக்கலாம் என்பதும், பதினெட்டு வயதைக் கணக்கிடும் தகுதித் தேதி இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் நாள் என நான்கு என்பதும் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இளைஞர் நாடாளுமன்றப் போட்டிக்கு கேரள அரசின் பார்லமெண்டரி விவகார நிறுவனம் அழைப்பு அனுப்பும். ஐம்பது, ஐம்பத்தைந்து பிள்ளைகள், ஒரு மணி நேரத்துக்குள் கேள்வி நேரம், மசோதா, ஒத்திவைப்புத் தீர்மானம். தமிழ் வழிப் பிள்ளைகள் இதில் பின்தங்குவது திறமைக் குறைவால் அல்ல. மசோதாவை ஆசிரியர் எழுதி மனப்பாடம் செய்ய வைப்பதால்தான். காவல்துறையோடு சேர்ந்து நடக்கும் மாணவர் பயிற்சிப் படையான ஸ்டூடண்ட் போலீஸ் கேடட் வேறு கதை. 2010 ஆகஸ்டில் கேரளத்தில் தொடங்கி, 2018-இல் நாடு முழுக்கப் போனது; அப்போது மத்திய அரசு பள்ளிக்கு 50,000 ரூபாய் என்று அறிவித்தது. மைதானமும் ஒரு பேட்சுக்கு 44 பேரும் வேண்டும். சிறிய தமிழ்ப் பள்ளிகளுக்கு எட்டாது.

பஞ்சாயத்துப் பணம்

சமக்ர சிக்ஷாவைவிட நம்பகமானது இது, ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு. கேரளத்தில் 1996-இல் உள்ளாட்சிகளே திட்டமிடும் ‘மக்கள் திட்டம்’ வந்ததிலிருந்து உள்ளாட்சிகளுக்கு வளர்ச்சி நிதி தனியாக இறங்குகிறது. கல்வி அதில் சேவைத் துறை. பராமரிப்பு நிதியில் கேட்காதீர்கள், அது கட்டடத்துக்கு. வளர்ச்சி நிதியின் பொதுப் பிரிவு அல்லது பஞ்சாயத்தின் சொந்த நிதி, இரண்டில் ஒன்றைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

வழி இப்படி: நவம்பர், டிசம்பரில் கல்விச் செயற்குழுவில் யோசனையை வைக்க வேண்டும். ஜனவரிக்குள் வார்டு கிராமசபையில் ஒரு பெற்றோர் எழுந்து கேட்டு, அது மினிட்ஸில் ஏற வேண்டும். ஆசிரியர் கேட்பதைவிட அந்த வார்டு ஓட்டர் கேட்பதற்குத்தான் மெம்பர் காது கொடுப்பார். பிறகு வளர்ச்சிக் கருத்தரங்கு, நிலைக்குழு, பஞ்சாயத்துக் கமிட்டி, ஜில்லா திட்டக் குழு ஒப்புதல். மே மாதம் போய் ‘எங்களுக்கும் ஏதாவது’ என்று நின்றால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள், உண்மையாகவே வேறு வழியும் இருக்காது. திட்டக் குறிப்பில் நோக்கம், பயனடையும் பிள்ளைகள் எண்ணிக்கை, செலவுப் பிரிவு, நிர்வகிக்கும் அதிகாரி (பெரும்பாலும் ஹெச்.எம்.), மாதவாரி வேலை இவ்வளவும் வேண்டும். எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு பள்ளி தனியாகக் கேட்டால் அத்தனை காகிதத்துக்கும் கட்டுப்படியாகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். பஞ்சாயத்தில் உள்ள தமிழ் வழிப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே திட்டமாகக் கொடுத்தால் தொகையும் கண்ணில் படும்.

மறுத்தால் காட்ட முன்னுதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆரியங்காவுக்கு அப்பால் செங்கோட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும் கொல்லம் மாவட்டத்தில், ஜில்லா பஞ்சாயத்தும் திட்டக் குழுவும் உள்ளாட்சிப் பயிற்சி நிறுவனமான கிலாவும் சேர்ந்து ‘சிட்டிசன் 2022’ என்று பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசியலமைப்பைப் படிப்பித்தன. பாடம் எடுத்த தன்னார்வலர்களுக்கு ‘செனட்டர்’ என்று பெயர். 2023 ஜனவரி 14-இல் நாட்டின் முதல் அரசியலமைப்பு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே ‘இதற்கெல்லாம் உள்ளாட்சி நிதியில் இடமில்லை’ என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

விண்ணப்பத்தைத் தமிழில் கொடுக்கலாமா என்று தயங்குகிறவர்கள் உண்டு. கேரள அரசு மொழிகள் சட்டம் 1969, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள உள்ளூர் அலுவலகங்களுக்கும் தம் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அம்மொழியில் தரப்பட வேண்டும் என்கிறது. 1956 மொழிவாரிப் பிரிவினையில் செங்கோட்டையும் கன்னியாகுமரியும் அந்தப் பக்கம் போக, தேவிகுளமும் பீர்மேடும் இங்கே நின்றன. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வேண்டும் என்ற 350-ஏ பிரிவு அரசியலமைப்பில் சேர்ந்ததும் அதே ஆண்டுதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தச் சட்டத்தை மேற்கோள் காட்டி பஞ்சாயத்துக்குத் தமிழில் ஒரு உண்மையான கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பதில் எந்த மொழியில் எத்தனை நாளில் வருகிறது என்று பதிந்து வைப்பது ஒரு பருவத்துக்கான செயல்திட்டம். செலவு தபால் தலை. நடைமுறை அறிவுரை: பணம் கேட்கும் விண்ணப்பத்தோடு மட்டும் ஒரு பக்க மலையாளச் சுருக்கம் இணைத்துவிடுங்கள். உரிமை வேறு, மார்ச்சுக்குள் காசோலை வேறு.

காகிதம்

கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் (எஸ்.எம்.சி.) முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 22-ஆம் பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதச் சொல்கிறது. நீங்கள் செய்யப் போவது அந்தத் திட்டத்தில் ஒரு வரியாகவாவது இல்லையென்றால் பிறகு எந்தத் தீர்மானமும் நிற்காது. தீர்மானத்தில் ‘குடிமையியல் நிகழ்ச்சிகள் நடத்த முடிவு செய்யப்பட்டது’ என்று மட்டும் எழுதுவது பயனற்றது. எந்தத் தலைப்பு, எவ்வளவு ரூபாய், எந்த மாதம், பொறுப்பு யார் என்று எழுத வேண்டும். தேதி முக்கியம்: தீர்மானம், கொட்டேஷன், ஆர்டர், பில், பணம் என்ற வரிசையில் தேதிகள் ஏற வேண்டும். பில் ஜூலை 4, தீர்மானம் ஜூலை 19 என்றிருந்தால் பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆட்சேபணைதான்.

2021 ஜூலையிலிருந்து பணம் பள்ளிக் கணக்கில் படுத்திருப்பதில்லை; பூஜ்ய இருப்புக் கணக்கு, மேலே மாநிலக் கணக்கிலிருந்து இவ்வளவு செலவு செய்யலாம் என்ற வரம்பு மட்டும். ஆண்டு முடிவில் வரம்பு போய்விடும். பழைய காலம்போல் மார்ச்சில் எடுத்து வைத்து ஜூனில் செலவு செய்ய முடியாது. பணமோ பல ஆண்டுகளில் ஜனவரிக்குப் பிறகுதான் இறங்குகிறது, மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீ ஒப்பந்த இழுபறியில் தமிழ்நாட்டுக்கு 2024-25-க்கான 2,152 கோடி ரூபாய் நின்றுபோனதையும், கேரளத்துக்கான தவணைகள் முடங்கியதையும் பார்த்தோம். ஆகவே பணத்தை எதிர்பார்த்து ஜூன் தேர்தலையும் நவம்பர் 26 அரசியலமைப்பு நாளையும் திட்டமிடாதீர்கள். அவற்றை பெற்றோர்-ஆசிரியர் கழக (பி.டி.ஏ.) நிதியில், மேலே சொன்ன சின்னச் செலவில் நடத்திவிட்டு, பிப்ரவரியில் வரம்பு வந்ததும் அடுத்த ஜூனுக்கான பொருள்களை வாங்குங்கள்: அச்சிட்ட கையேடு, புத்தகம், வரைபடம், மூடியுள்ள பெட்டிகள். கெட்டுப்போகாத பொருள், ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறும் பொருள். ஏற்கெனவே பி.டி.ஏ. செலவு செய்ததை மானியத்தில் ‘ஈடுகட்ட’ முயல வேண்டாம். தேதி வரிசை உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள் இவை. பில் பள்ளிப் பெயரில் இல்லாமல் ஆசிரியர் பெயரில் இருக்கும். புத்தகப் பில்லில் தலைப்புப் பட்டியல் இல்லாமல் ‘புத்தகங்கள் 62’ என்றிருக்கும். வரவுப் பதிவேட்டில் 59 இருக்கும். பி.எஃப்.எம்.எஸ்.ஸில் பில்லைப் பதியும் மேக்கர் பதிந்துவிடுவார், அதைச் சரிபார்க்கும் செக்கர் ஒப்புதல் கொடுக்க மறந்திருப்பார். வங்கிக்குக் கொடுக்க வேண்டிய பேமெண்ட் அட்வைஸ் அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டு மேசை டிராயரில் காலாவதியாகக் கிடக்கும். செலவுச் சான்றான யு.சி.யில் எழுதிய தொகையும் பி.எஃப்.எம்.எஸ். காட்டும் தொகையும் வங்கிக் கட்டணத்தால் சில ரூபாய் வித்தியாசப்படும். அந்தச் சில ரூபாய்க்கு வட்டார வள மையத்திலிருந்து (பி.ஆர்.சி.) நான்கு முறை போன் வரும்.

யு.சி. அனுப்பியதும் அதன் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, எட்டாம் வகுப்பிடம் பில் கட்டையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். சில ஹெச்.எம்.கள் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்கிற பள்ளியில், கையேடு 100 பிரதி என்று பில்லில் இருந்தால் பிள்ளைகள் அலமாரியைத் திறந்து நூறையும் எண்ணுவார்கள், வகுப்பில் யார் யாரிடம் இருக்கிறது என்று பட்டியல் போடுவார்கள், கிழிந்ததைத் தனியாக வைப்பார்கள். பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண் இல்லையென்றால் முதலில் கேட்பதும் அவர்களாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வியை பிப்ரவரியிலேயே கேட்க வைத்துவிட்டால் பில்லைத் திருத்தி வாங்க மார்ச் 31 வரை நேரம் இருக்கும்.